ராணி படத்தின் வலது ஓரம்

வருடத்தில் ஒரு நாள் அப்பா இரண்டு முறை குளிப்பார்.

முதல் குளியல் எல்லோரையும் போலத் தெருக்குழாயடியில், சிவப்பு சோப்பு போட்டு. அது முடிந்ததும் அத்தை சீயக்காய்த் தூளும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் கொண்டுவந்து வைப்பாள். அதை முழங்கை வரைக்கும் தேய்த்து மறுபடி ஒரு குளியல். அப்பாவுக்குத் தாராவியில் தோல் கிடங்கில் வேலை. தொட்டியில் ஊறுகிற தோலை இழுத்துப் போடும் கைக்கு எந்த சோப்பும் பத்தாது.

பிறகு உள்ளங்கையை என் மூக்கருகே நீட்டுவார்.

"வாட அடிக்கா?"

"இல்லப்பா."

அடிக்கும். ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள் நான் பொய் சொல்வேன்.

பெட்டியில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் தங்கச்சி இசக்கியையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார். ஸயன் வரைக்கும் நடை, அங்கிருந்து பஸ். செம்பூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருந்தது. தர்மப் பணத்தில் நடந்த இடம். பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கட்டடமும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். அப்பா கழற்றுவார். பினாயில் வாடை வீசும் நீள வராந்தாவில், மேட்ரன் அறைக்கு வெளியே சுவரில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கும். தன் மேல் அடிக்கிற வாடை யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்றுகொண்டு, அந்தப் படத்தைப் பார்த்துக் கை கூப்புவார்.

படத்தில் இருந்தது ஒரு வெளிநாட்டு ராணியும் அவர் கணவரும். ராணிக்குத் தலையில் தொப்பி, கையில் வெள்ளை உறை, முழங்கையில் தொங்கும் ஒரு பை. ராஜா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி புடவை எடுத்து முடிக்கிற வரைக்கும் ஜவுளிக்கடையில் நிற்கும் ஆள் மாதிரி நின்றுகொண்டிருப்பார். கீழே இருவருடைய கையெழுத்தும் நீல மையில். இவ்வளவு பெரிய ராணிக்கு இவ்வளவு மோசமான கையெழுத்தா என்று நான் நினைத்ததுண்டு. என் எழுத்துக்கு முனிசிபல் பள்ளி டீச்சர் தலையில் குட்டுவார். ராணியை யார் குட்டுவது?

வராந்தாவில் போகிற வார்டுபாய் எங்களைப் பார்த்தால் சிரிப்பான். "ராணி கா பகத் ஆ கயா!" ராணியின் பக்தன் வந்துவிட்டானாம்.

அப்பா கும்பிட்டது ராணியை இல்லை. படத்தின் வலது ஓரத்தில், கட்டில் பக்கத்துத் திரையின் நிழலில், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி ஒரு ஆயா நின்றுகொண்டிருந்தாள். அது எங்கள் அம்மா.

மொட்டை பிடித்த விரல்

அம்மா பெயர் பேச்சியம்மாள். ஆஸ்பத்திரியில் பேச்சிபாய்; அங்கே பெண்கள் பெயரோடு 'பாய்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். எலும்பு முறிந்த பிள்ளைகள் இருக்கிற வார்டில் ஆயா வேலை. வெள்ளைப் புடவை, நீலக் கரை. தாராவிச் சேறு படக் கூடாதென்று அந்தப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஸயன் ரோடு வரைக்கும் நடப்பாள். ரோடு வந்ததும் இறக்கி விட்டுக்கொள்வாள்.

அந்த ராஜாவும் ராணியும் நம் தேசத்தைச் சுற்றிப் பார்க்க வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு குளிர் காலத்தில். எந்த நாட்டவர் என்று கேட்காதீர்கள். அம்மா கடைசி வரைக்கும் "அந்தம்மாவும் அந்தய்யாவும்" என்றுதான் சொன்னாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் குழாயடிச் சண்டையை எழுதியதற்கு, எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தேதி நிற்காது, ஐயா. வாடை நிற்கும். அந்த வாரம் முழுக்க அம்மா மேல் புதுச் சுண்ணாம்பு வாடை அடித்தது. ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடித்தார்கள். கட்டில் கால்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்தார்கள். பிள்ளைகளுக்குத் தலையில் பேன் இருக்கக் கூடாதென்று வார்டு முழுக்க மொட்டை.

ஆயாக்களுக்கு ஒரு உத்தரவு வந்தது. ராஜா ராணி வார்டுக்குள் இருக்கும் வரைக்கும் ஆயாக்கள் யாரும் கண்ணில் படக் கூடாது. துணி மடிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நர்சுகள் மட்டும் வரிசையாக நிற்பார்கள்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். அம்மாவால் போக முடியவில்லை. காலில் மாவுக்கட்டுப் போட்ட பிள்ளை ஒன்று அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆணா பெண்ணா, என்ன பாஷை, எதுவும் எனக்குத் தெரியாது. அம்மா அதை மொட்டை என்றுதான் சொல்வாள்.

அன்று சாயங்காலம் அம்மா நடித்தே காட்டினாள். அடுப்பில் சோறு கொதிக்க, வீட்டிலிருந்த கரண்டியைப் பையாக்கி முழங்கையில் மாட்டிக்கொண்டு ராணி நடையை நடந்தாள்.

"நா விரல உருவுதேன், அது வீல்னு கத்துது. உருவுதேன், கத்துது. வெளிய பூட்ஸ் சத்தம் கேக்கு. இனி எங்கன ஓட? திரைக்குப் பின்னால ஒதுங்கிட்டேன். கை மட்டும் கட்டில்ல கெடக்கு. அந்தம்மா நேரா இங்கனதான் வாராக! குனிஞ்சு மொட்டைகிட்ட என்னமோ கேட்டாக. மொட்டை அவுகளப் பாக்கவே இல்ல, என்னையவே பாக்கு. அப்பதான் பளீர்னு ஒருத்தன் படம் எடுத்தான்."

"அந்தம்மா ஒன்னையப் பாத்தாகளா?" என்று கேட்டார் அப்பா.

"பாத்தாக. சிரிச்சாக. நா தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

அப்பா அன்றைக்கு அவ்வளவு சிரித்தார். நான் கரண்டியை வாங்கி நானும் நடந்தேன். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்தது அதற்கப்புறம் எனக்கு நினைவில் இல்லை.

வேறு படம் இல்லை

இந்தக் காலத்துப் பிள்ளைகள் தின்கிற இட்லியைக் கூடப் படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். அம்மாவுக்கு வேறு போட்டோவே கிடையாது.

கல்யாணத்துக்கு எடுக்கவில்லை. அதற்கெல்லாம் டவுனிலிருந்து ஆள் வரவேண்டும். பம்பாய் வந்தபிறகு ஒரே ஒரு தடவை எடுத்தோம். மாஹிம் பக்கம் திருவிழாக் கடைகளில், அட்டையில் வரைந்த மோட்டார் காருக்குப் பின்னால் நிற்கவைத்து எடுப்பார்கள். நான் அப்பா இடுப்பில். சரியாக அந்த நேரம் பார்த்து நான் அழுதேனாம், அம்மா சட்டென்று திரும்பினாளாம். படத்தில் நானும் அப்பாவும் காரும் அச்சாக இருக்கிறோம். அம்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொண்டையும் கலங்கலாக ஒரு கன்னமும்தான்.

"அடுத்த வருசம் எடுத்துக்கிடுவோம்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வருடம்தான் ராஜாவும் ராணியும் வந்தார்கள். அப்போது இசக்கி அம்மா வயிற்றில் இருந்தாள். மழைக்காலம் தொடங்கியபோது பிறந்தாள். அன்று சாயங்காலமே அம்மா போய்விட்டாள். ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஊரிலிருந்து அப்பாவின் அக்கா வந்து, இசக்கியை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள்தான் நான் சொன்ன அத்தை. கடைசி வரைக்கும் திரும்பிப் போகவில்லை.

புடவையைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று

ஆஸ்பத்திரிப் புடவைகள் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். ஆள் போனாலும் புடவை திரும்ப வரவேண்டும். காரியமெல்லாம் முடிந்தபின் அத்தை அவற்றைத் துவைத்து, பித்தளைச் செம்பில் தணல் போட்டுத் தேய்த்து மடித்துக் கொடுத்தாள். அப்பா பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நான் கூடப் போனேன்.

வராந்தாவில் ஏணி வைத்து, ஆணி அடித்து, ஒரு படத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜாவும் ராணியும் தங்கள் நாட்டிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிய போட்டோ கடல் தாண்டி அந்த வாரம்தான் வந்திருந்தது. நர்சுகள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவும் பார்த்தார். பேப்பர் பொட்டலம் கையிலிருந்து நழுவியது. மடிப்புக் கலையாத புடவை தரையில் விழுந்தது. அதே புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா படத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

முகம் தெளிவாகத் தெரிந்தது. தலை குனிவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்திருக்கிறான். உதட்டைக் கடித்துக்கொண்டு, மாட்டிக்கொண்டோமே என்கிற முழியோடு மொட்டையைப் பார்க்கிறாள். சிரிப்பை அடக்கும்போது அம்மா முகம் அப்படித்தான் போகும்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் சகுபாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சகுபாய் அம்மாவோடு வேலை பார்த்த மராட்டிக்கார ஆயா. அம்மாவுக்காக எங்கள் வீட்டுக்கு வந்து அழுதவள்.

"மத் போல்" என்றாள் மெதுவாக. சொல்லாதே. ஆயாக்கள் வார்டில் நிற்கக் கூடாதென்று உத்தரவு. நின்றது மட்டுமில்லாமல் ராணியோடு படத்திலும் விழுந்திருக்கிறாள் என்று பெரியவர்களுக்குத் தெரிந்தால், "சாப் லோக் உதார் தேகா." படத்தைக் கழற்றிவிடுவார்கள்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். வருடக்கணக்காக மூடியே வைத்திருந்தார்.

அத்தை விடவில்லை. "ஒரு வார்த்த கேட்டா என்னலெ? கொறஞ்சா போயிருவ? இந்தப் பச்சப்பிள்ளைக்கு அவ மொகம் தெரியாண்டாமா?" என்று திட்டுவாள்.

மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் அப்பா விசாரித்தும் பார்த்தார். படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தால் அதிலிருந்து இன்னொரு படம் எடுத்துத் தரலாம் என்றார்கள். கழற்ற வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் சகுபாய் சொன்னது நடந்துவிடும்.

"செவுத்துல இருக்கட்டும்க்கா. அவ பாட்டுக்கு அங்கன நிக்கட்டும். வருசத்துக்கு ஒருக்க, அவ போன அன்னைக்குப் போயிப் பாத்துட்டு வாரோம். வாயத் தொறந்தா இதுவும் போயிரும்."

பெரியவர்களைக் கண்டால் ஒதுங்குவது எங்கள் சனத்துக்கு வராந்தாவிலிருந்து கோயில் வரைக்கும் பழக்கம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்பா மேல் வரவில்லை, அந்தப் பயத்தின் மேல்.

தொப்பி போட்ட அம்மா

இசக்கியைத் தாராவியில் முனிசிபல் பள்ளியில் சேர்த்த புதிது. ஒரு நாள் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளை என்ன செய்துவிட்டதோ என்று அப்பா கிடங்கிலிருந்து அப்படியே ஓடினார்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன செய்கிறாள் என்று வகுப்பில் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். இசக்கி எழுந்து, "எங்கம்மா தொப்பி போட்டிருப்பா. பூட்ஸ் போட்டிருப்பா. ஆஸ்பத்திரிச் செவுத்துல இருக்கா" என்றிருக்கிறாள்.

யாரைக் குற்றம் சொல்வது? வருடா வருடம் கூட்டிக்கொண்டு போய் எட்ட நிற்கவைத்து, "அம்மாவக் கும்பிட்டுக்கோ" என்போம். அவள் கண்ணுக்குப் படத்தின் நடுவில் பெரிதாகத் தெரிந்தது ராணி. சரிதான், அம்மா என்றால் நடுவில்தானே இருப்பாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வருடம் போனபோது அப்பா தள்ளி நிற்கவில்லை. இசக்கியை இடுப்பில் தூக்கிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். அவள் கையைப் பிடித்து வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"இந்தா நிக்கா பாரு, ஒங்கம்மா."

இசக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தொப்பி இல்லியா?"

"இல்ல, மக்கா."

"பரவால்ல" என்றாள். பிறகு கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் மூச்சில் கண்ணாடி மங்கியது. அப்பா சட்டை முனையால் துடைத்தார். மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தார். வார்டுபாய் சிரித்துக்கொண்டே போனான். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவை அம்மா என்று தெரிந்து இசக்கி பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மேட்ரன் பாயின் பரிசு

அடுத்த வருடம் மழை கடுமை. தாராவியில் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். அப்பா அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே இரண்டாவது குளியலும் குளித்தார்.

வராந்தாவில் திரும்பியதும் அப்பா நின்றுவிட்டார். சுவரில் படம் இல்லை. அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

என் கையை அவர் பிடித்த பிடி எனக்கு வலித்தது. அப்போது அறைக்குள்ளிருந்து மேட்ரன் பாய் வந்தார். கோவாக்காரப் பெண்மணி. பழைய மேட்ரன் போனபின் வந்தவர், அம்மாவைப் பார்த்ததே இல்லை. சகுபாயும் அதற்குள் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டிருந்தாள். அங்கே அம்மாவைத் தெரிந்த ஒருவரும் மிச்சமில்லை.

"ஆவோ பாபா, ஆவோ! தும்ஹாரா ராஸ்தா தேக்தி தீ." உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். சுவரில் இனி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பெரியவர்களின் படங்கள் வரப்போகின்றனவாம். ராஜா ராணி படத்தைப் பழைய சாமான்களோடு போடச் சொல்லிவிட்டார்கள். இவருக்கு மனம் கேட்கவில்லை. வருடா வருடம் மழையில் நனைந்துகொண்டு வந்து, செருப்பைக் கழற்றி, ராணியைக் கும்பிட்டுப் போகிற இந்த ஏழை மனிதனுக்கே கொடுத்துவிடலாம் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். சும்மாவும் கொடுக்கவில்லை. தன் செலவில் புது ஃப்ரேம் போட்டிருக்கிறார்.

துணியை விலக்கினார். தங்க நிறச் சட்டம், பளபளக்கும் கண்ணாடி. நடுவில் ராணி, ராஜா, கட்டிலில் மொட்டை, கீழே இருவர் கையெழுத்தும்.

"பாரிஷ் மே கினாரா கராப் ஹோ கயா தா. ஸப் காட் தியா. அபி ஏக்தம் சாஃப்!"

மழை ஈரத்தில் ஓரம் பழுதாகிவிட்டது, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டேன், இப்போது சுத்தமாக இருக்கிறது என்றார். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை என்னால் என்றைக்கும் வெறுக்க முடிந்ததில்லை.

அப்பா இரண்டு கையையும் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். வாங்கினார். பார்த்தார்.

இசக்கி எக்கிப் பார்த்தாள். "எப்பா, அம்மாவ எங்க?"

அப்பா கண்ணாடியின் வலது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்பா! அம்மாவக் காணும்!"

மேட்ரன் பாய் குனிந்து இசக்கியின் கன்னத்தைத் தட்டினார். "க்யா போல்தி ஹை பச்சி?" குழந்தை என்ன சொல்கிறது?

அப்பா நிமிர்ந்தார். "குஷ் ஹை, பாய்" என்றார். "பஹுத் குஷ் ஹை." பிள்ளைக்கு ரொம்பச் சந்தோஷமாம்.

ஓரங்கள் நிறைந்த சாக்கு

ஃப்ரேம் போட்டது எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மாட்டுங்கா மார்க்கெட்டில் சாமி படக் கடை. செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பூக்கடை வரிசை வந்ததும் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதார். அம்மா போன அன்றுகூட அப்பா அப்படி அழுது நான் பார்க்கவில்லை. மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கத்துப் பெரியவர். நெற்றியில் சந்தனம். எங்களைப் பார்த்ததும் படத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"ராணி படமா? ஏன், கண்ணாடி ஏதாவது விட்டுடுத்தா?"

"இல்லீங்க சாமி. வெட்டுன துண்டு வேணும்."

"அதை வெச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?"

"அதுல என் வீட்டுக்காரி நின்னா."

அத்தனை வருடமும் யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்பா சொல்லிவிட்டார். கடைக்காரர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கவிழ்த்தார்.

அது முழுக்க ஓரங்கள். சட்டத்துக்குள் அடங்காமல் வெட்டிப் போட்டவை. யானையின் தும்பிக்கை, தாமரையில் பாதி, யார் கல்யாணத்திலோ நின்ற யாருடைய தோளோ, நாற்காலிக் கை, ஜமுக்காளம், செருப்புக் கால்கள். அப்பா தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நானும் இசக்கியும் பார்த்தோம். கடைக்காரரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

கிடைக்கவில்லை. முந்தின சாக்கு டீக்கடை அடுப்புக்குப் போய்விட்டதாம்.

"நேக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அவர், எங்களைப் பார்க்காமல். "முக்காடு போட்டுண்டு ஒருத்தி நின்னாளே. மேட்ரன் அம்மா ஓரத்தை எடுத்துடுங்கோன்னு மட்டும்தான் சொன்னா. எதுவரைக்கும்னு அளவெடுத்து வெட்டினது நான். கறை முந்தானைல இருந்தது, மூஞ்சில ஏறலை. நன்னா இருந்தது மூஞ்சி."

அப்பா தலையை ஆட்டினார். எழுந்திருக்கும்போது அவர் தோளை அந்தப் பெரியவர் பிடித்துக்கொண்டார். தோல் கிடங்கு வாடை அவருக்கும் அடித்திருக்கும். கையை எடுக்கவில்லை.

பொட்டு

வீட்டில் அத்தை குங்குமமும் பூவும் எடுத்து வைத்திருந்தாள். மிச்சத்தைச் சொல்லத் தைரியமில்லாமல், படத்தோடு வருகிறோம் என்று மட்டும் முன்னாலேயே ஓடிவந்து நான் சொன்னதில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. சுமங்கலியாகப் போனவளுக்கு ஒரு நாளாவது பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும் என்று அந்த வருடங்கள் முழுக்கப் புலம்பியவள்.

கும்பிடப் போனவள் படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"ஏல, மொகமே இல்லியே. நெத்தி இல்லாத படத்துல நா எங்கன பொட்டு வைக்க?"

அப்பா படத்தை விளக்குப் பக்கம் திருப்பினார். மொட்டையைக் கடைக்காரர் வெட்டவில்லை. மொட்டையின் பிடியில் ஒரு விரல் இருந்தது. விரலோடு கையும், மணிக்கட்டும், இரண்டு கண்ணாடி வளையலும் வந்திருந்தன. அதோடு சட்டம் தொடங்கிவிட்டது.

"கையில வையி" என்றார் அப்பா.

அத்தை அந்த விரல் மேல் குங்குமம் வைத்தாள். பூவை ராணி மேல் படாமல் ஓரமாகத் தொங்கவிட்டாள். நாங்கள் நான்கு பேரும் கும்பிட்டோம். கும்பிட்டு முடித்த பிறகும் இசக்கி அங்கேயே நின்றாள்.

"எப்பா, அந்தப் பிள்ள ஏன் எங்கம்மா கையப் பிடிச்சிருக்கு?"

அத்தை அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நா ஒரு வாட்டிகூடப் பிடிக்கலியே" என்று இசக்கி அவள் மடிக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். அத்தையும் போனாள். படம் இப்போது ஐரோலியில் இசக்கி வீட்டில் இருக்கிறது. வெயிலில் நீல மை மங்கி, ராஜாவின் கையெழுத்து முக்கால்வாசி போய்விட்டது. வருகிறவர்கள் ராணியைப் பார்த்துவிட்டு, இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, விலை போகுமே என்கிறார்கள். குங்குமம் ஏன் மொட்டைப் பிள்ளையின் கையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால்தான் இசக்கி பதில் சொல்வாள்.

என்னிடம் அவள் கேட்பது ஒன்றுதான். "அக்கா, அம்மா எப்பிடி இருப்பா?" நான் கரண்டியைக் கையில் மாட்டி நடந்து காட்டியிருக்கிறேன். அம்மா குரலில் பேசிக் காட்டியிருக்கிறேன். முகத்தைக் கேட்டால் எனக்குச் சொல்ல வரவில்லை. அம்மா உயிரோடிருந்த முகம் எனக்கு முன்பே போய்விட்டது. படத்தில் பார்த்த முகத்தை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதுவும் இந்த ஒன்றிரண்டு வருடங்களாகக் கலங்குகிறது.

ஆகையால் இந்த வாரம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் காலொடிந்து, செம்பூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மொட்டைத் தலையோடு கிடந்ததாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அல்லது உங்கள் வீட்டில் யாராவது, எனக்கு ஒரு ராணி பக்கத்தில் வந்து பேசினாள் என்று கதை சொல்வதுண்டா? அந்தப் பிள்ளை தமிழா என்றுகூட எனக்குத் தெரியாது. ராணி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அது அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும்.

அது நீங்கள்தான் என்றால், அந்த முகத்தில் உங்களுக்கு நினைவிருப்பது எதுவானாலும் எழுதுங்கள். என் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டும்.